பாதியில் நிறுத்திய பாட்டு

1

பாட்டுப் போடுகிற ஒரு ஆளைப் பார்க்க நான் ரயிலேறிப் போனேன். பாடுகிறவர் அல்ல. மேளம் அடிக்கிறவரும் அல்ல. மேசைக்குப் பின்னால் நின்று பாட்டுப் போடுகிறவர். வயது அறுபத்தொன்று. ஜெர்மன்காரர். இங்கே அந்த வேலைக்கு டீஜே என்று பெயர். ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

சுவிஸுக்கு வந்து பதினாலு வருசம். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் சட்டி கழுவுகிறேன். மகள் தர்ஷிக்கு இப்போது பதினைந்து வயது. ஒரு வயதில் தூக்கி வந்தோம். காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பாள். தாய் தமிழில் கேட்டால் டொச்சில், அதாவது ஜெர்மனில், பதில் வரும். என்னோடு மட்டும் தமிழ். எனக்கு டொச் சரியாக வராது என்பதுதான் காரணம். வேறு பாசம் ஒன்றும் இல்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"அப்பா, இதில சைன் வையுங்க."

"என்ன இது?"

"அவர் வாறார். அடுத்த ஞாயிறு பகல், ஏரிக்கரையில. பதினாறு வயசு ஆகாத ஆக்கள் அப்பாவோ அம்மாவோ கூட வந்தாத்தான் உள்ள விடுவாங்க."

மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "அடுத்த ஞாயிறா? இஞ்சருங்க, அண்டைக்கு உங்கட மச்சான்ர திவசம். அங்க சனம் சட்டி பானையோட ஓடித் திரியிது. இவ ஆட்டத்துக்குப் போறாவாம்."

அவள் சொன்னது சரி. அந்த வருசம் ஊரில் திரும்பவும் சண்டை. வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்திருந்தது. என் அக்காவும் பிள்ளைகளும் வாவியின் அக்கரைக்கு வந்து, மச்சானின் தமக்கை தங்கமணி வீட்டு வளவில் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்தார்கள். மச்சான் என்று நான் சொல்வது அக்காவின் புருசனை. பெயர் தம்பிராசா. அவர் இறந்து பதினைந்து வருசம் ஆகியிருந்தது.

"ஆட்டம் இல்ல அம்மா. கேக்கத்தான் போறன்."

"அதுக்கு அங்க என்னத்துக்கு? வீடெல்லாம் அந்த மனிசன்ர சத்தம்தானே."

"நேரில வேற."

அது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும்.

தர்ஷி தாளை என் பக்கம் தள்ளினாள். "நீங்க வராட்டி இனிக் கேக்க மாட்டன் அப்பா. எதுக்கும் கேக்க மாட்டன்."

கோபத்தில் சொன்னால் ஆறிவிடும். இவள் ஆறித்தான் சொன்னாள்.

2

சைன் வைக்கும் முன் கேட்டேன். "அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கிற ஆளா அவர்?"

அவள் அப்படியே நின்றாள். வெட்டிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். ஓடிப்போய்க் கம்பியூட்டரைத் தூக்கி வந்தாள். சனம் எழுதியதை எல்லாம் வாசித்துத் தமிழில் சொன்னாள். ஒருவன் எழுதியிருந்தான்: காலம் முடிந்த ஆள், பொத்தானை அமத்திவிட்டுக் கையைத் தூக்குவதுதான் வேலை. இன்னொருவன்: ஒரு காது கேட்காது, எல்லா ஊரிலும் ஒரே பாட்டுத்தான். ஒரு பெண்: எட்டுத் தரம் பார்த்தேன், எட்டும் எட்டு விதம்.

"நீ என்ன சொல்றாய்?"

"தெரியாது. அதுக்குத்தான் போகணும்."

வேலை செய்யும் இடத்தில் இத்தாலிக்காரச் சமையல்காரரிடமும் கேட்டேன். அவர் பெரிய கரண்டியோடு நின்று யோசித்தார். "என் மனுசியை அவருடைய பாட்டில்தான் கண்டேன். போ. போகும்போது இருக்க ஒரு கதிரை கொண்டு போ" என்றார்.

ஊரிலும் இதே கேள்விதான். கிரான் என்ற ஊரில் திருவிழா என்றால் சனம் முதலில் "ஆர்ர செட்?" என்று கேட்கும். செட் என்றால் ஒலிபெருக்கிச் செட். ஆளைப் பொறுத்துத்தான் நடந்து போவதா, வீட்டில் படுப்பதா என்று முடிவெடுப்பார்கள். நல்ல செட்காரன் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வெறுமை விடமாட்டான். கட்டி முடித்ததும் தூரப் போய் நின்று கேட்டுப் பார்ப்பான். முக்கியமாக, சனத்தின் முகத்தைப் பார்ப்பான்.

"அவர் சனத்தைப் பார்க்கிறவரா?" என்றேன்.

தர்ஷி என்னைப் புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு ஒரு வீடியோ காட்டினாள். மழை. ஏதோ ஒரு ஊரில் கரண்ட் போய்விட்டது. சனம் கூச்சல் போடுகிறது. அந்த மனிதர் அசையவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். தட்டிக்கொண்டே நின்றார். சனமும் கூடத் தட்டியது. கரண்ட் வந்ததும், தட்டிய அதே இடத்தில், ஒரு மயிர் பிசகாமல் பாட்டு வந்து விழுந்தது.

மூன்று தரம் போடச் சொன்னேன்.

"பாட்டை விடாத ஆள். போவம்" என்றேன். சைன் வைத்தேன்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"ஊரில கொஞ்ச நாள் செட்டோட நிண்டனான்."

அவளுக்கு நான் இதைச் சொன்னது அன்றுதான்.

3

எங்கள் ஊர் வவுணதீவுக்குத் தெற்கே, வாவியின் மேற்குக் கரையில். சூரியன் படுகிற கரை என்பதால் படுவான்கரை. எதிரே எழுவான்கரை. நடுவில் தண்ணீர்தான். நல்ல காலத்தில் தோணியில் கொஞ்ச நேரம். அந்த யுத்த வருசங்களில் ஆமி தருகிற பாஸ் இல்லாமல் போக முடியாது. பாஸ் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். நாளைக்குப் போனால், நாளைக்கு வா.

மச்சான் எழுவான்கரை ஆள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது. வரும்போது ஒரு அம்பிளிபயர், இரண்டு குழல் ஸ்பீக்கர், ஒரு கசற் பெட்டி கொண்டுவந்தார். சீதனத்தோடு வந்த மாப்பிள்ளை என்று ஊரில் பகிடி.

படுவான்கரையில் கரண்ட் இல்லை. புதுப் பற்றரியும் கொண்டுவர விடமாட்டார்கள். உழவு மிசினின் பழைய பற்றரி ஒன்று இருந்தது. அது அம்பிளிபயருக்கே காணாது. ஆகவே கசற் பெட்டிக்குச் சைக்கிள் டைனமோ. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவன் ஏறி மிதிக்க வேண்டும். அந்த ஒருவன் நான். வேகமாக மிதித்தால் பாடுகிறவர் குருவி மாதிரிக் கீச்சிடுவார். மெதுவாக மிதித்தால் எருமை மாதிரி. ஒரே சீராக மிதிக்க வேண்டும். "மச்சான், நீ பாடகன்ர தொண்டையில ஏறி இரிக்காய். ஆடாத" என்று அவர் எனக்குச் சொல்வார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒழுங்காக வந்த வேலை அது ஒன்றுதான்.

அக்காவின் மூத்த மகள் சாமத்தியப்பட்டாள், பெரியவளானாள். தகப்பனின் தமக்கைதான் முதல் குடம் தண்ணி வார்க்க வேண்டும். அது தங்கமணி மச்சாள். அவர் அக்கரையில். பாஸ் கிடைக்கவில்லை.

மச்சான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஏறாவூரில் இருந்து சைக்கிளில் சீலை விற்க ஒரு முஸ்லிம் நானா வருவார். அவருக்குப் பாஸ் இருந்தது. அவரிடம் சொல்லி அனுப்பினார்.

"நானா, அக்காட்டச் சொல்லுங்க. குறிச்ச நேரத்துக்குப் பாட்டுப் போடுவம். ஒரு குழலை ஆத்துப் பக்கம் திருப்பி வைக்கிறன். கச்சான் காத்து அடிக்கிது, அங்க கேக்கும். கேட்டதும் அவ அங்க கரையில நிண்டு, புள்ளைய நினைச்சு ஒரு குடம் தண்ணி வாக்கட்டும். பாட்டு இடையில நிண்டா ஏதோ பிழை. வாக்காம விட்டிரட்டும்."

"இவ்வளவு நாளும் சீலை வித்தன். இண்டைக்குத் தண்ணி கொண்டு போறன்" என்று சொல்லி நானா சைக்கிளை எடுத்தார்.

சடங்குக்குப் போட்ட பாட்டு இடையில் நிற்கக் கூடாது. நின்றால் பிள்ளையின் வாழ்க்கையும் இடையில் நிற்கும். மச்சான் சொல்வார். ஊரே சொல்லும்.

காலை பத்து மணி. குழல் கரையில் நின்ற நாவல் மரத்தில். அதற்குக் கீழே மேசையில் கசற் பெட்டி, மச்சான். நான் பத்துப் பாகம், அறுபது அடி, தள்ளிச் சைக்கிளில். பாட்டுப் போட்டார். மிதித்தேன். வளவுக்குள் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள்.

முதல் ஷெல் பின்னால் வட்டையில் விழுந்தது, வயல் நடுவில். எங்கிருந்து வந்தது என்று எழுதத் தேவையில்லை. சனம் எல்லாம் நிலத்தில் முகம் குப்புறப் படுத்தது. நான் மச்சானைப் பார்த்தேன். அவர் விரலைச் சுற்றிக் காட்டினார். மிதி என்று.

மிதித்தேன்.

இரண்டாவது ஷெல் மரத்துக்கு அங்கால் விழுந்தது. மச்சான் மேசைக்குப் பக்கத்தில் மெல்லக் குந்தினார். பிறகு சரிந்தார். கசற் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டு ஓடியது.

நான் இறங்கவில்லை. ஊரில் தலை நிமிர்ந்து இருந்தவன் நான் ஒருவன்தான். பார்த்தவனும் நான் ஒருவன்தான். பாட்டு முடியும்வரை மிதித்தேன். சத்தம் ஒரு இடத்திலும் இழுபடவில்லை. நாலு நிமிசம் இருக்கும்.

பாட்டு முடிந்து கொஞ்சம் பொறுத்து மூன்றாவது வந்தது. தண்ணீரின் ஓரத்தில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் சனம் எழும்பியது. மூன்றாவதுதான் மச்சானை எடுத்தது என்று சொன்னார்கள். பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார் என்றார்கள். அக்காவும் அப்படித்தான் சொல்லி அழுதாள்.

நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த கேள்வி, நீ ஏன் இறங்கவில்லை என்பது. இறங்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை போனோம். வாசலில் தாளைப் பார்த்த காவல்காரப் பிள்ளை சிரித்தாள். பிள்ளை சைன் வைக்க வேண்டிய இடத்தில் நான் வைத்திருந்தேன். தர்ஷி தலையில் கைவைத்தாள். "இப்ப நீங்க பதினஞ்சு வயசு. நான்தான் உங்களைக் கூட்டி வந்திரிக்கன்" என்றாள். இன்னொரு தாள், இன்னொரு சைன், என் விசாக் கார்ட், அவளுடைய கார்ட், வேலை செய்யும் இடத்து விலாசம். எதுக்கு விலாசம் என்று கேட்டேன். தெரியாது, எழுதுங்க என்றாள். இந்த நாட்டில் தாள் இல்லாமல் மழையும் பெய்யாது.

ஸ்பீக்கர்களைப் பார்த்துத் திகைத்துப் போனேன். மாடி வீட்டு உயரம். எங்கள் இரண்டு குழலையும் அதற்குள் போட்டால் தேடி எடுக்க முடியாது.

"முன்னுக்குப் போவம் அப்பா."

"இல்ல. இங்கால வா." பின்னுக்கு, தண்ணீருக்குக் கிட்டக் கூட்டிப் போனேன். நாலு இடத்தில் நின்று பார்த்து ஒரு இடத்தில் நிறுத்தினேன். "இதில நில்லு. இதிலதான் ரெண்டு பக்கச் சத்தமும் சேரும்."

நின்றாள். கண்ணை மூடினாள். "ஓம்" என்றாள். பிறகு நான் சொன்ன இடத்தை விட்டு அசையவில்லை.

அந்த மனிதர் வந்தார். கட்டையான ஆள். கண்ணாடி. கழுத்தில் வியர்வை துடைக்கத் துவாய். தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவர் மாதிரி இருந்தார். முதல் இருபது நிமிசம் டப் டப் என்று ஒரே அடி. காலம் முடிந்த ஆள் என்று எழுதியவன் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. அவர் ஒன்றைச் சேர்ப்பார். பிறகு நிமிர்ந்து சனத்தைப் பார்ப்பார். சனம் வந்து சேரும்வரை பொறுப்பார். பிறகுதான் அடுத்தது. வேகம் ஒரு நூல் கூடக் கூடவில்லை, குறையவில்லை. என் கெண்டைக்கால் தானாக இறுகியது.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். பாட்டு உச்சத்தில் நின்றது. ஆயிரக்கணக்கான கைகள் மேலே.

நின்றுவிட்டது.

கரண்ட் போய்விட்டது, இப்போது கை தட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் விளக்கு எரிந்தது. அவர் தட்டவில்லை. அவரே நிறுத்தியிருந்தார். ஒரு கையால் சனத்தின் இடது பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு வயதானவர் விழுந்து கிடந்தார். பக்கத்தில் நின்றவர்களே கவனிக்கவில்லை. மேசைக்குப் பின்னால் நின்றவர் கண்டார்.

சனம் விலகியது. வெள்ளை உடுப்போடு இரண்டு பேர் ஓடினார்கள். போடு, போடு என்று எங்கோ ஒருவன் கத்தினான். அவர் தலையை ஆட்டினார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஆள் படுத்தபடி கையை அசைத்தார். சனம் கை தட்டியது. அதற்குப் பிறகும் நிறுத்திய பாட்டை அவர் எடுக்கவில்லை. வேறொன்றை முதலில் இருந்து தொடங்கினார்.

புல்லில் குந்திவிட்டேன்.

ஒருவர் விழுந்தார். பாட்டு நின்றது. ஆட்கள் போய்த் தூக்கினார்கள். அவ்வளவுதான். வானம் இடியவில்லை. யாருடைய வாழ்க்கையும் இடையில் நிற்கவில்லை. இதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது. ஒரு விரலை எடுக்கிற நேரம். மிதியில் இருந்து ஒரு காலை எடுக்கிற நேரம்.

"அப்பா, என்ன? தண்ணி வேணுமா?"

"வேணாம். நீ கேள்."

5

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டாள்.

"இப்ப சொல்லுங்க. பார்க்க வேண்டிய ஆளா, இல்லையா?"

"பார்க்க வேண்டிய ஆள்."

"ஏன்?"

"நிப்பாட்டத் தெரியிது."

"அதுவா? அப்ப மியூசிக்?"

"அதுவும் பரவாயில்ல."

சிரித்தாள். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். என்ன என்றாள். சொன்னேன். மூன்றாம் பகுதியில் எழுதியதுதான், அதைவிடச் சுருக்கமாக. மனைவிக்கும் சொல்லாதது.

இரண்டு ஸ்டேசன் போனது. அவள் காதில் எதையும் மாட்டவில்லை.

"அந்தத் தங்கமணி மாமிக்குத் தெரியுமா? ரெண்டாவதுதான் எண்டு?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"சொல்லுங்க அப்பா."

"சொல்லி என்ன?"

"அவங்கட தம்பி. அவங்களுக்குத் தெரியணும். பதினஞ்சு வருசம் நீங்க மட்டும் வச்சிரிக்கிறது சரியில்ல."

எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னால் சுகம் என்று இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். பிள்ளை நம்பிச் சொல்கிறாள். நானும் அன்று நம்பினேன். பாட்டை நிறுத்தியும் ஒன்றும் ஆகாததைக் கண்ணால் கண்டுவிட்டு வந்தவன் அல்லவா.

6

திங்கட்கிழமை எனக்குப் பின்னேர வேலை. காலையிலேயே தங்கமணி மச்சாளுக்குப் போன் எடுத்தேன். அங்கே மத்தியானம். தர்ஷி பள்ளிக்குப் போகாமல் பக்கத்தில் நின்றாள்.

"ஆரு, வேலுவா? என்ன இந்த நேரத்தில? சுகமா இரிக்கயா?"

"ஓம் மச்சாள். ஒண்டு சொல்லணும். மச்சான்ர விசயம்."

சொன்னேன். ரயிலில் சொன்னதால் இரண்டாம் தரம் சுலபமாக வந்தது. இரண்டாவது ஷெல். நான் கண்டது. இறங்காமல் மிதித்தது.

"ரெண்டாவதா?" என்றார்.

"ஓம்."

"அப்ப பாட்டு நடுவிலயா?"

"ஓம் மச்சாள்."

"வெடி ரெண்டும் இங்க கேட்ட, வேலு. ரெண்டாவதுக்குக் குடத்தைக் கீழ வச்சிட்டன். பாட்டு நிக்கல்ல. அவனுக்கு ஒண்டுமில்ல எண்டு மறுகா தூக்கி வாத்தன். வாத்துப்போட்டுக் குரவையும் போட்டன். காத்து எதிர்க்காத்து. எண்டாலும் அவன்ர காதில விழுந்திரிக்கும், அதைக் கேட்டுட்டுத்தான் போனான் எண்டு இவ்வளவு காலமும் இரிந்தன்."

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. பதினைந்து வருசத்தில் ஒரு நாள்கூட அந்தக் கரையில் நின்று நான் யோசிக்கவில்லை. என் தலையில் கிடந்ததை எடுத்து அவர் தலையில் வைத்துவிட்டேன்.

"நான் குரவை போடக்குள்ள என்ர தம்பி செத்துக் கிடந்திரிக்கான்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "ஆருகா போனில? தம்பியா? இஞ்ச தா."

மச்சாள் வாயைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். மெல்லச் சொன்னார். "அவளுக்குச் சொல்லிராத வேலு. அவளுக்கு அது மூண்டாவதாவே இரிக்கட்டும்."

போன் கை மாறியது.

"தம்பி, நேத்துத் திவசம் குறையில்லாம நடந்த. தறப்பாளுக்குள்ளதான் படைச்சம். உனக்குத்தான் ஒரு பிடி தரக் குடுத்துவைக்கல்ல. சாப்பிட்டயா மனே?"

"சாப்பிட்டன் அக்கா" என்றேன்.